'அன்லிமிடெட்' டேட்டாவுக்கு மூடுவிழா, 1.14 லட்சம் இமெயில் லீக்: அமெரிக்காவில் ஒரே வாரத்தில் வெடித்த இரண்டு சண்டைகள்

மாலை ஏழு மணி. மேட்ச் கடைசி ஓவருக்கு வந்திருக்கும். திடீர்னு வீடியோ நின்று வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். 'இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது' என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். இந்த அனுபவம் இல்லாத மொபைல் வாடிக்கையாளர் நம்ம ஊரில் இருக்க முடியாது.

டேட்டாவுக்கு இப்படி அளவு போடும் பழக்கம் எப்போது, எப்படி வந்தது? அந்தக் கதையின் முக்கியமான திருப்பம் 2010 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்தது. 'அன்லிமிடெட்' என்று விற்ற பிளானுக்கு ஒரு பெரிய நிறுவனம் மூடுவிழா நடத்தியது. அதே வாரத்தில் அதே நிறுவனத்தின் வெப்சைட்டிலிருந்து 1 லட்சத்து 14 ஆயிரம் பேரின் இமெயில் முகவரிகள் வெளியே போயின. முதல் சண்டை முடிய 9 வருஷம் ஆனது. இரண்டாவது சண்டையில் ஒருவர் ஜெயிலுக்குப் போனார், ஒரு வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்தார். ஆனால் அவர் செய்தது குற்றமா இல்லையா என்ற கேள்விக்கு கோர்ட் கடைசி வரை முழுப் பதில் சொல்லவே இல்லை.

என்ன நடந்தது?

2010 ஜனவரி 27-ல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகம் செய்தார். சிம் போடும் 3ஜி மாடலுக்கு அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி நிறுவனம்தான் இணைப்பு. மாதம் 14.99 டாலருக்கு 250 எம்பி, 29.99 டாலருக்கு அன்லிமிடெட். காண்ட்ராக்ட் கிடையாது, வேண்டாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கு அது கவர்ச்சியான ஆஃபர். பல பேர் 3ஜி மாடலுக்குக் கூடுதல் காசு கொடுத்ததே இதை நம்பித்தான்.

3ஜி ஐபேட் கடைக்கு வந்தது ஏப்ரல் 30. ஜூன் 2-ம் தேதி ஏ.டி. அண்ட் டி ஒரு அறிவிப்பு வெளியிட்டது: ஜூன் 7 முதல் புது வாடிக்கையாளர்களுக்கு அன்லிமிடெட் கிடையாது. அதாவது ஆஃபர் ஆரம்பித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

புது பிளான்கள் இரண்டு. 15 டாலருக்கு 200 எம்பி, 25 டாலருக்கு 2 ஜிபி. 200 எம்பி தீர்ந்தால் இன்னொரு 200 எம்பிக்கு மறுபடி 15 டாலர். 2 ஜிபி தீர்ந்தால் அடுத்த 1 ஜிபிக்கு 10 டாலர். போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கணும்னா (நாம் ஹாட்ஸ்பாட் என்கிறோமே, அதேதான்) தனியாக 20 டாலர். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 20 டாலருக்கு ஒரு எம்பிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அதே 2 ஜிபியை இன்னொரு கருவியில் பயன்படுத்துவதற்கான அனுமதிக் கட்டணம் அது.

பழைய அன்லிமிடெட் வாடிக்கையாளர்கள் விருப்பப்பட்டால் அதே பிளானில் தொடரலாம் என்றும் நிறுவனம் சொன்னது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 9 வருஷ சண்டையே இதில்தான் ஒளிந்திருக்கிறது.

ஏன் வரம்பு போட்டார்கள்?

நிறுவனம் சொன்ன கணக்கு இது: ஸ்மார்ட்போன் வாடிக்கையாளர்களில் 65 சதவீதம் பேர் மாதம் 200 எம்பிக்குக் கீழேதான் பயன்படுத்துகிறார்கள். 98 சதவீதம் பேர் 2 ஜிபியைத் தொடுவதே இல்லை. ஆக, பெரும்பாலானவர்களுக்கு பில் குறையத்தான் செய்யும். சொல்லப்போனால் அன்றைய நிலவரத்தில் அது தப்பும் இல்லை. 30 டாலர் கொடுத்துக்கொண்டிருந்த பல பேர் 15 டாலருக்கு மாறியிருக்க முடியும்.

நெட்வொர்க் திணறியதும் உண்மைதான். ஐஃபோன் 2007-ல் வந்ததிலிருந்து 2011 தொடக்கம் வரை அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி-யிடம் மட்டுமே இருந்தது. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் கால் பாதியில் கட்டாவது அன்றாட நகைச்சுவை ஆகியிருந்தது. ஒரு டவரிலிருந்து கிடைக்கும் வேகத்தை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெருக்குழாய் மாதிரிதான். ஒருவர் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடுத்த வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாக வரும்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நெரிசல் என்பது நேரத்தையும் இடத்தையும் பொறுத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இல்லாத டவரில் ஒருவர் 5 ஜிபி இறக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனில் ஆயிரம் பேர் ஆளுக்கு 20 எம்பி எடுத்தால் டவர் தவிக்கும். மாத வரம்பு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் இது நெரிசலுக்கு வைத்தியம் என்பதைவிட, விலைப்பட்டியல் என்பதே பொருத்தம். வீடியோ பெருகப் பெருக 98 சதவீதம் என்ற கணக்கும் பழசாகிப்போனது. இன்று சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படம் பார்த்தாலே ஏறக்குறைய 1 ஜிபி காலி. அந்த 200 எம்பி பிளான் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பட்டனைத் தொட்டாலே பில்

வரம்பு இருந்தால்தான் தகராறு என்றில்லை. அதே 2010-ல் வெரைசான் நிறுவனம் வேறு விதத்தில் மாட்டியது. டேட்டா பிளானே வாங்காத வாடிக்கையாளர்களின் பில்லில் 1.99 டாலர் டேட்டா கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. போனில் ஏதோ ஒரு பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் நெட் திறக்கும், உடனே கட்டணம். நம்ம ஊரில் முன்பு காலர் ட்யூனுக்கும் ஜோக் எஸ்எம்எஸ்ஸுக்கும் பேலன்ஸ் போனதே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி விசாரித்தது. அக்டோபர் 2010-ல் வெரைசான் அரசுக் கருவூலத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டவும், வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 5.28 கோடி டாலர் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது.

சரி, இமெயில் எப்படி வெளியே போனது?

இதைப் புரிந்துகொள்ள உங்கள் சிம் கார்டை ஒரு தடவை பார்த்தால் போதும். அதன்மேல் 19 அல்லது 20 இலக்கத்தில் ஒரு நீள நம்பர் அச்சாகியிருக்கும். அதற்குப் பெயர் ஐசிசி-ஐடி, சிம்மின் சீரியல் நம்பர். முதல் இரண்டு இலக்கம் 89, தொலைத்தொடர்புக்கான அடையாளம். அடுத்து நாட்டின் குறியீடு. இந்திய சிம் என்றால் 91. அதன் பிறகு நிறுவனத்தின் குறியீடு, பிறகு வரிசை எண், கடைசியில் சரிபார்க்கும் இலக்கம். ஆக இது ரகசியமான நம்பர் கிடையாது. ஒரு சிம்மின் நம்பர் தெரிந்தால் பக்கத்து சிம்மின் நம்பரை யாரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

ஐபேட் வாடிக்கையாளர்கள் தங்கள் டேட்டா கணக்கைப் பார்க்க ஏ.டி. அண்ட் டி ஒரு லாகின் பக்கம் வைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் இமெயில் முகவரியை டைப் அடிக்கும் சிரமம் வேண்டாம் என்று ஒரு வசதியும் செய்தது. ஐபேட் தன் சிம்மின் ஐசிசி-ஐடியை வெப் முகவரியிலேயே சேர்த்து அனுப்பும். சர்வர் அந்த நம்பருக்கு உரிய இமெயிலைத் தேடி எடுத்துக் கட்டத்தில் நிரப்பித் தரும். பாஸ்வேர்டை மட்டும் போட்டால் போதும். கேட்பவர் உண்மையிலேயே அந்த சிம்மின் சொந்தக்காரரா என்று சர்வர் சோதிக்கவில்லை. வந்திருப்பது ஐபேடின் பிரவுசர்தானா என்பதை மட்டும் பார்த்தது. அதுவும் பிரவுசரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வரியை நம்பித்தான். அந்த வரியை யாரும் மாற்றி எழுதலாம்.

வாசலில் நின்று 'நான் 101-ம் வீட்டுக்காரன்' என்றால் வாட்ச்மேன் அந்த வீட்டு ஓனரின் விலாசத்தை எடுத்து நீட்டுகிறார். '102-ம் வீட்டுக்காரன்' என்றால் அதையும் நீட்டுகிறார். அடையாள அட்டை கேட்கவே இல்லை.

'கோட்சி செக்யூரிட்டி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சிறு குழுவைச் சேர்ந்த டேனியல் ஸ்பிட்லர் இதைக் கவனித்தார். நம்பரை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஜூன் முதல் வாரத்தின் கடைசியில், அதாவது அன்லிமிடெட் பிளான் முடிவுக்கு வந்த அதே நாட்களில், அது ஓடியது. கிடைத்தவை சுமார் 1,14,000 முகவரிகள். நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் ப்ளூம்பெர்க், டிவி செய்தியாளர் டயான் சாயர் போன்றவர்களின் முகவரிகளும் ராணுவம், அரசுத் துறைகளைச் சேர்ந்தவர்களின் முகவரிகளும் அதில் இருந்தன. குழுவின் இன்னொரு உறுப்பினர் ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமர் விஷயத்தைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோனார். ஜூன் 9-ல் காக்கர் என்ற இணைய இதழ் செய்தியை வெளியிட்டது. அடுத்த நாளே எஃப்.பி.ஐ விசாரணை ஆரம்பித்துவிட்டது.

ஏ.டி. அண்ட் டி மன்னிப்பு கேட்டது. அந்த வசதியை நிறுத்திவிட்டதாகவும், பாஸ்வேர்டோ கார்டு விவரமோ வெளியே போகவில்லை என்றும் வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. கூடவே, கெட்ட எண்ணத்தோடு ஹேக்கர்கள் செய்த வேலை இது என்றும் குற்றம்சாட்டியது. குழு சொன்னதோ நேர்மாறு: ஓட்டையை வைத்தது நிறுவனம், நாங்கள் காட்டிக்கொடுத்தோம், அது அடைக்கப்பட்ட பிறகுதான் செய்தி வந்தது. இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் இந்த வழக்கைச் சிக்கலாக்கியது. ஓட்டையை நிரூபிக்க பத்து முகவரி போதும். 1.14 லட்சம் எடுக்க வேண்டிய தேவை என்ன? நிறுவனத்திடம் நேராகச் சொல்லாமல் பத்திரிகைக்கு ஏன் போக வேண்டும்? அதே சமயம், யார் கேட்டாலும் தூக்கிக் கொடுக்கும் சர்வரிடம் கேட்டு வாங்கியதைத் 'திருட்டு' என்று சொல்ல முடியுமா?

ஜெயில், பிறகு விடுதலை

2011 ஜனவரி 18-ல் இருவரும் கைதானார்கள். ஸ்பிட்லர் ஜூன் மாதமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குக் கடைசியில் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்புடன் முடிந்தது. ஆர்ன்ஹைமர் வழக்கை நடத்தினார். 2012 நவம்பரில் நியூஜெர்சியின் நெவார்க் நகர ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2013 மார்ச் 18-ல் தண்டனை: 41 மாத சிறை. வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பிய செலவுக்காக ஏ.டி. அண்ட் டி-க்கு சுமார் 73,000 டாலர் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு.

அவர் மேல் பரிதாபப்பட ஆள் குறைவு. இணையத்தில் வம்பிழுப்பதையே தொழில் மாதிரி செய்தவர், வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போனவர். லீக் விஷயத்தை வைத்து ஏ.டி. அண்ட் டி பங்கு விலை சரிவில் காசு பார்க்கலாமா என்று குழுவுக்குள் பேசிய சாட் பதிவுகளையும் அரசுத் தரப்பு காட்டியது. இருந்தும் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களும் சட்டப் பேராசிரியர்களும் அவருக்காக மேல்முறையீட்டில் நின்றார்கள். ஆளைப் பிடித்துப்போய் அல்ல. இந்தத் தீர்ப்பு நின்றால் நாளைக்கு வெப் முகவரியில் ஒரு நம்பரை மாற்றிப் பார்த்த யாரையும் உள்ளே தள்ளலாமே என்ற பயம்தான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு பழைய சட்டம். 1986-ல், வெப்சைட் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் வந்த கணினி மோசடிச் சட்டம் அது. 'அனுமதி இல்லாமல்' கணினியை அணுகுவது குற்றம் என்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல் என்றால் என்ன என்று விளக்கவில்லை. பாஸ்வேர்டை உடைத்தால் குற்றம், சரி. பாஸ்வேர்டே இல்லாத பக்கத்தைத் திறந்தால்? உரிமையாளர் விரும்பவில்லை என்பது மட்டுமே போதுமா? இதே சட்டத்தின் கீழ் வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த இளம் புரோகிராமர் ஆரோன் ஸ்வார்ட்ஸ் 2013 ஜனவரியில், விசாரணை தொடங்கும் முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 26. பல்கலைக்கழக நெட்வொர்க் வழியே ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமாக டவுன்லோட் செய்தார் என்பதுதான் வழக்கு. சட்டத்தைத் திருத்தணும் என்ற குரல் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது, ஆனால் மசோதா நிறைவேறவில்லை.

2014 ஏப்ரல் 11-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்ன்ஹைமரின் தண்டனையை ரத்து செய்தது. காரணம்தான் எல்லோரையும் ஏமாற்றியது. 'நம்பரை மாற்றிக் கேட்பது ஹேக்கிங் இல்லை' என்று கோர்ட் சொல்லவில்லை. வழக்கு தப்பான ஊரில் நடந்தது என்றது!

கணக்கைப் பாருங்கள். ஆர்ன்ஹைமர் இருந்தது ஆர்கன்சாஸில். ஸ்பிட்லர் கலிஃபோர்னியாவில். ஏ.டி. அண்ட் டி சர்வர்கள் டெக்சாஸின் டல்லாஸிலும் ஜார்ஜியாவின் அட்லாண்டாவிலும். நியூஜெர்சியில் எதுவுமே இல்லை. லீக்கான முகவரிகளில் சுமார் 4,500 நியூஜெர்சிக்காரர்களுடையது என்பதுதான் ஒரே தொடர்பு. பிறகு ஏன் அங்கே வழக்கு? ஃபெடரல் சட்டத்தின்படி இது சிறிய குற்றம். அதோடு ஒரு மாநிலச் சட்ட மீறலையும் சேர்த்தால் பெரிய குற்றமாக உயரும். நியூஜெர்சிக்கு அப்படி ஒரு கணினிச் சட்டம் இருந்தது. குற்றம் நடந்த இடத்தில்தான் விசாரணை நடக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பிலேயே இருக்கும் உரிமை, இணையக் குற்றத்துக்கும் அதுவே பொருந்தும் என்றது நீதிமன்றம். நியூஜெர்சி சட்டத்தைப் பற்றிப் பேசும் ஒரு அடிக்குறிப்பில் மட்டும், எந்த பாஸ்வேர்டு தடையும் உடைக்கப்பட்டதாகச் சாட்சியம் இல்லை என்று போகிறபோக்கில் சொன்னது. பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த ஆறுதல் அந்த அடிக்குறிப்புதான். ஒரு வருஷத்துக்கும் மேல் ஜெயிலில் இருந்த ஆர்ன்ஹைமர் வெளியே வந்தார்.

உண்மையான தெளிவு வர இன்னும் ஏழு வருஷம் ஆனது. 2021 ஜூன் 3-ல் வான் ப்யூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. காசு வாங்கிக்கொண்டு வண்டி நம்பர் ஒன்றை போலீஸ் டேட்டாபேஸில் தேடிய ஒரு போலீஸ்காரரைப் பற்றிய வழக்கு அது. அவர் செய்தது தப்பு, ஆனால் அந்த டேட்டாபேஸில் நுழைய அவருக்கு உரிமை இருந்ததால் இந்தச் சட்டத்தில் வராது என்றது கோர்ட். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி, உள்ளே போனவரின் நோக்கம் அல்ல. 2022 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும், நல்லெண்ணத்தோடு ஓட்டை தேடும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் மேல் இந்தச் சட்டத்தில் வழக்குப் போடக் கூடாது என்று அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. இது கொள்கை முடிவுதான், சட்டத் திருத்தம் இல்லை. அடுத்த அரசு மாற்றலாம்.

அன்லிமிடெட்டை நம்பியவர்கள் கதி?

பழைய வாடிக்கையாளர்களுக்கு அன்லிமிடெட் தொடரும் என்று சொன்னார்களே, அந்த வாக்கியத்துக்கு வருவோம். வார்த்தையை நிறுவனம் மீறவில்லை. டேட்டாவை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தது. 2011 அக்டோபர் முதல், மாதத்தில் ஒரு அளவைத் தாண்டியவர்களின் ஸ்பீடை இறக்க ஆரம்பித்தது. சிலருக்கு 2 ஜிபி தாண்டினாலே வெட்டு. அதாவது 30 டாலர் அன்லிமிடெட்காரருக்கும் 25 டாலர் 2 ஜிபிகாரருக்கும் நல்ல ஸ்பீடில் கிடைத்தது ஒரே அளவு.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அதற்கும் பூட்டு. அதே 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏ.டி. அண்ட் டி-க்குச் சாதகமாக இன்னொரு தீர்ப்பு கொடுத்திருந்தது. 'இலவச' போனுக்கு 30.22 டாலர் வரி வாங்கியதாகத் தொடங்கிய வழக்கு அது. வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட முடியாது, தனித்தனியாக மத்தியஸ்தரிடம்தான் போகணும் என்ற ஒப்பந்த நிபந்தனை செல்லும் என்று 5-4 கணக்கில் தீர்ப்பானது. 30 டாலருக்காகத் தனியாக வக்கீல் வைப்பவர் யார்? ஒரு சின்ன சந்து மட்டும் மிச்சமிருந்தது. சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட். அங்கே வக்கீல் தேவையில்லை. ஸ்பீடு வெட்டப்பட்ட ஒரு ஐஃபோன் வாடிக்கையாளர் கலிஃபோர்னியாவில் தானே வாதாடி, 2012 பிப்ரவரியில் 850 டாலர் இழப்பீடு வாங்கினார்.

பெரிய வழக்கை அரசே போட்டது. 2014 அக்டோபர் 28-ல், நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் ஃபெடரல் வர்த்தக ஆணையம் ஏ.டி. அண்ட் டி மேல் வழக்குத் தொடர்ந்தது. வேகத்தை 80, 90 சதவீதம் வரை குறைத்தது, குறைந்தது 35 லட்சம் வாடிக்கையாளர்கள், மொத்தம் 2.5 கோடிக்கும் மேற்பட்ட தடவை என்பது புகார். வேகம் குறைப்பதே தப்பு என்று ஆணையம் வாதாடவில்லை. அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, குறைப்போம் என்பதைச் சரியாகச் சொல்லாததுதான் ஏமாற்று என்றது.

நிறுவனத்தின் பதில் சாமர்த்தியமானது. 'நாங்கள் தொலைபேசி நிறுவனம், எங்களை விசாரிக்கும் அதிகாரமே இந்த ஆணையத்துக்கு இல்லை' என்றது. பொதுத் தொலைபேசி சேவை தருபவர்களுக்குச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்டு. 2016-ல் மூன்று நீதிபதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2018 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. விலக்கு சேவைக்குத்தானே தவிர நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடையாது என்றது. கடைசியில் 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்கு சமரசம். இனி வரம்பைத் தெளிவாகச் சொல்லாமல் அன்லிமிடெட் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்றும் நிபந்தனை. 6 கோடியை 35 லட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 17 டாலர். தனியாக வழக்குப் போட்டவருக்கு 850, காத்திருந்தவர்களுக்கு இவ்வளவுதான்.

காட்டுத்தீக்கு நடுவே ஸ்பீடு கட்

வேகக் குறைப்பு என்றால் வீடியோ சுற்றுவது மட்டும்தானே என்று நினைத்தவர்களுக்கு 2018 கோடைக்காலம் பதில் சொன்னது. கலிஃபோர்னியாவில் மெண்டசினோ காம்ப்ளெக்ஸ் காட்டுத்தீ, அதுவரை அந்த மாநிலம் பார்த்ததிலேயே பெரியது. சாண்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறை ஒரு தகவல் தொடர்பு வண்டியை அங்கே அனுப்பியது. எந்தப் படை எங்கே, தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையெல்லாம் ஒருங்கிணைக்கும் வண்டி. அதன் நெட் இணைப்பு வெரைசானுடையது, பிளான் பெயர் அன்லிமிடெட்.

25 ஜிபி தாண்டியதும் வேகம் இருநூறில் ஒரு பங்காக விழுந்தது. வண்டியால் வேலை செய்ய முடியவில்லை. வீரர்கள் தங்கள் சொந்த போன்களை வைத்துச் சமாளித்தார்கள். நிறுவனத்திடம் கேட்டபோது, விலை இரண்டு மடங்குக்கும் மேலான பிளானுக்கு மாறச் சொன்னார்கள். மாறிய பிறகுதான் வேகம் திரும்பியது. இதைத் தீயணைப்புத் துறைத் தலைவர் கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணத்தில் சொன்னபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. அவசர காலத்தில் வரம்பை நீக்குவதுதான் தங்கள் வழக்கம், வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு இது என்று வெரைசான் ஒப்புக்கொண்டது.

நம்ம ஊரில் எப்படி?

இங்கே மாத வரம்பு போய் தின வரம்பு வந்துவிட்டது. தினமும் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வாங்குகிறோம். தாண்டினால் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த ஸ்பீடில் ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், போட்டோ திக்கித் திணறும், யுபிஐ ஆப் திறப்பதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். விளம்பரத்தில் அன்லிமிடெட் என்று பெரிதாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'நியாயமான பயன்பாடு' என்று வரும் வரிதான் உண்மையான பிளான். ரீசார்ஜ் செய்யும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான்: எத்தனை ஜிபிக்குப் பிறகு குறையும், எவ்வளவு குறையும், ஹாட்ஸ்பாட் சேருமா.

கணினிச் சட்டத்தில் இந்தியாவின் சொற்களும் அமெரிக்காவின் பழைய சொற்கள் மாதிரியேதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியை அணுகினாலோ அதிலிருந்து தகவலை எடுத்தாலோ இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதையே நேர்மையற்ற முறையில் அல்லது மோசடியாகச் செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, கெட்ட எண்ணம் இல்லாதவர் ஜெயிலிலிருந்து தப்பலாம், இழப்பீட்டு வழக்கிலிருந்து தப்புவது கஷ்டம். ஏதாவது ஒரு வெப்சைட்டில் நம்பரை மாற்றினால் இன்னொருவர் பில் தெரிகிறது என்று கண்டுபிடிக்கும் கல்லூரி மாணவர் நிற்கும் இடம் இதுதான்.

அப்படி எதையாவது தற்செயலாகப் பார்த்தால் மேலும் நோண்டாமல், எடுத்து வைத்துக்கொள்ளாமல், சமூக வலைதளத்தில் ஸ்கிரீன்ஷாட் போடாமல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம். ஓட்டைகளை வாங்கி, சம்பந்தப்பட்ட நிறுவனத்தோடு பேசிச் சரிசெய்ய அவர்களிடம் தனி நடைமுறை இருக்கிறது. மறுபக்கம், ஓட்டை வைத்த நிறுவனத்துக்கும் இப்போது கடிவாளம் உண்டு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்கிறது. போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.